கூப்பிட்டும் வராத மொட்டு

சிறுநீரகம் எப்படி உருவாகிறது என்பதை வருடக்கணக்காகக் காரைக்காலில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். விலங்கியல் மூன்றாம் ஆண்டு, கருவளர்ச்சிப் பாடம். படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் வேறு எதுவும் கிடைக்காமல் விலங்கியலுக்கு வந்தவர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு என்றால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். அவர்களை எழுப்புவதற்காகவே இந்தப் பாடத்தைக் கொஞ்சம் நாடகமாக நடத்துவேன்.

கரு ஐந்து வாரம் இருக்கும்போது அதன் இடுப்புப் பக்கம் ஒரு செல் கூட்டம் சும்மா திரண்டு கிடக்கும். சற்றுத் தள்ளி ஒரு மெல்லிய குழாய் இருக்கும். கூட்டம் ஒரு புரதத்தைச் சுரந்து வெளியே விடும். பக்கத்து வீட்டுக்காரியைச் சுவருக்கு மேலே எட்டிக் கூப்பிடுவது போலத்தான். குழாயின் செல்களுக்கு அதைக் கேட்கும் காது உண்டு. கேட்டதும் குழாயிலிருந்து ஒரு மொட்டு முளைத்துக் கூட்டத்தை நோக்கி வளரும். உள்ளே புகுந்து கிளை விடும். வந்த மொட்டு வாயை மூடிக்கொண்டு இருக்காது. சாகாதே, நீ வடிகட்டும் குழலாக மாறு என்று கூட்டத்துக்குப் பதில் சொல்லும். நீ இன்னும் கிளை விடு என்று கூட்டம் திருப்பிச் சொல்லும். இப்படி மாறி மாறிப் பேசிப் பேசியே ஒரு சிறுநீரகம் உருவாகிறது. அங்கே வரைபடமும் கிடையாது, மேஸ்திரியும் கிடையாது. பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்கிறான் என்பது மட்டும்தான் ஒவ்வொரு செல்லுக்கும் தெரியும்.

"மொட்டு வரலன்னா என்ன மேடம் ஆவும்?" என்று வருடத்துக்கு ஒருத்தியாவது கேட்பாள்.

"கூட்டம் கொஞ்ச நாள் காத்துகிட்டு இருக்கும். அப்புறம் செத்துரும்" என்பேன்.

அதை யாரும் கொல்வதில்லை. உயிரோடு இரு என்று பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அந்தச் செல்கள் உயிரோடு இருக்கும். சொல்வது நின்றுபோனால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஐந்து மதிப்பெண் கேள்வி, நிச்சயம் வரும், படித்துக்கொள்ளுங்கள் என்பேன். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் என் வாயிலேயே நான் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. கணவர் வீடு காரைக்கால் பக்கம் போலகம் கிராமத்தில். அவர் அரசு வேலையில் இருக்கிறார், விடுமுறை நாளில் வயலுக்குப் போவார். வீட்டில் மாமியாரும், கணவரின் தங்கையும், நாங்கள் இருவரும். எட்டு வருடமும் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே என் தாடை தேய்ந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள்கூடக் கேட்டிருக்கிறாள். பதிலுக்கு ஒருமுறை, "உங்க வீட்ல எத்தனை விசேஷம்?" என்று கேட்டுவிட்டு வழி முழுக்க அவள் முறைப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். வாய்த்துடுக்கு எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அழுவேன். எனக்கு ஒரு பிள்ளை வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தெருவில் போகிற குழந்தையின் பிடரியைப் பார்த்தாலே கை தானாக நீளும்.

ஒன்பதாவது வருடம் அது வந்தது. ஊசியும் மாத்திரையும் பலிக்காமல் நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்ட பிறகு, அதுவாகவே வந்தது. மாமியார் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். கல்லூரிக்குப் பேருந்தில் போகக் கூடாது என்று ஆட்டோவுக்குச் சொல்லி வைத்தார். நாத்தனார் கல்லூரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் நான் வந்ததும் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "அண்ணி, மருமவன் இன்னைக்கு என்ன சொல்றான்?" என்று வயிற்றில் காதை வைப்பாள். நானும் அசைவு தெரிகிறது என்றேன். தெரிந்ததா, தெரிந்ததாக நினைத்தேனா என்று இப்போது சொல்ல முடியாது.

ஐந்தாவது மாத ஸ்கேனுக்கு மாமியார்தான் கூட வந்தார். கணவருக்கு அன்று அலுவலகத்தில் ஆய்வு. அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள். சுவரில், பிறக்கும் முன் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற அறிவிப்பு. எங்கள் பக்கத்தில் அந்த அறிவிப்பை எல்லோரும் மதிக்கிறார்கள், அதாவது யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. டாக்டரின் முகத்தைப் படிக்கிறார்கள். டாக்டர் சிரித்துப் பேசினால் ஆண். பேசாமல் இருந்தால் பெண். துடைத்துக்கொள்ளத் துணியை அவரே எடுத்துக் கொடுத்தால் ஆண், நர்ஸ் கொடுத்தால் பெண். வெளியே வரும் பெண்ணின் முகத்தை வைத்து வாசலில் காத்திருக்கும் மாமியார்களும் நாத்தனார்களும் சொல்லும் ஜோசியம் தனி. படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை. என் சக ஆசிரியை ஒருத்தி டாக்டர் கட்டியிருந்த புடவையின் நிறத்தை வைத்துச் சொன்னாள்.

என் டாக்டர் முதலில் பேசிக்கொண்டுதான் இருந்தார். இதயம் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். பேச்சு நின்றது.

"தண்ணி மாதிரி ஏதாவது கசிஞ்சுதாம்மா?"

"இல்லைங்க."

"கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க."

திரையின் ஒரு ஓரம் எனக்குத் தெரிந்தது. பனிக்குட நீர் ஸ்கேனில் கறுப்பாகத் தெரியும். கறுப்பே இல்லை. சாம்பல் நிறத்தில் பிள்ளை சுருட்டி வைத்த துணி போல ஒட்டிக்கொண்டு கிடந்தது. நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்பது டாக்டருக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்கவில்லை. இரண்டு பக்கமும் சிறுநீரகம் தெரியவில்லை என்றார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருக்க வேண்டிய சுரப்பி, உட்கார இடமில்லாமல் தட்டையாகப் படுத்திருக்கிறது என்று காட்டினார். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றார். மற்றதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீர் என்பது பெரும்பாலும் பிள்ளையின் சிறுநீர்தான். பிள்ளை அந்த நீரை உள்ளே இழுத்து வெளியே விட்டுத்தான் நுரையீரல் விரிந்து வளரும். சிறுநீரகம் இல்லையென்றால் நீர் இல்லை, நீர் இல்லையென்றால் நுரையீரல் இல்லை. உள்ளே இருக்கும்வரை என் ரத்தத்தில் வாழும். வெளியே வந்தால் மூச்சு விடாது.

வெளியே வந்தேன். முகத்தை மறைக்க எனக்குத் தெம்பில்லை. மாமியார் எழுந்து வந்து என்னைப் பார்த்தார், உள்ளே டாக்டரின் வாடிய முகத்தையும் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார்.

"அட கிறுக்குப் புள்ள, இதுக்கா அழுவுற? பொம்பளப் புள்ளன்னா என்ன இப்ப? எட்டு வருஷம் தவம் கெடந்து நம்ம வீட்டுக்கு மகாலட்சுமி வர்றா. நான் வளக்குறேன், நீ பெத்து மட்டும் குடு."

வாசலில் காத்திருந்த பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி, "இப்புடி ஒரு மாமியா கெடைக்கணுமே" என்றாள். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க முடியும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் நல்ல மனதோடு சொன்னார். என் எட்டு வருடத்தில் அவர் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியது அன்றுதான். ஆட்டோவில் வரும்போது பேத்திக்குக் காது குத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேணாம். பெரிய டாக்டரு பாத்துட்டுச் சொல்லட்டும். மெஷின் தப்பாக்கூட இருக்கும்ல?" என்றார். எனக்குத் தப்பு இல்லை என்று தெரியும். ஆனாலும் தலையாட்டினேன். நாங்கள் புதுச்சேரிக்குப் போக நாள் கிடைப்பதற்குள் மாமியார் போலகத்துக்கே சொல்லிவிட்டார். கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டு வரும் அம்மாளிடம் வாசலில் நின்று, "எங்களுக்குப் பொண்ணுதான். நாங்க சந்தோஷமா இருக்கோம்" என்று அவர் பெருமையாகச் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் வயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, சங்கரா மீன் நாலை சும்மாவே போட்டுவிட்டுப் போனாள்.

புதுச்சேரியில் மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். தொடரலாம், பிறக்கும், சற்று நேரம் இருக்கும், மூச்சுக்குத் தவித்துப் போய்விடும். அல்லது இப்போதே வலி வரவழைக்கலாம். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் எழுந்து போய் வராந்தாவில் நின்றேன். கீழே ஒரு குடும்பம் புதுக் குழந்தையை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த மொட்டை நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது வாரத்தில், நான் கர்ப்பம் என்றே எனக்கு உறுதியாகத் தெரியாத நாட்களில், கல்லூரியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஏதோ ஒரு மதியத்தில், உள்ளே கூட்டம் கூப்பிட்டிருக்கிறது. மொட்டு வரவில்லை. அல்லது கூட்டம் கூப்பிடவே இல்லை. எது என்று யாராலும் சொல்ல முடியாது. கடவுள் மேல் கோபப்படுவதற்குக்கூட எனக்கு வழியில்லை. பாடம் தெரிந்தவளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது. அவ்வளவு சின்ன இடத்தில், பேச வேண்டிய இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

வலி வரவழைக்கச் சொன்னேன்.

மற்ற பிரசவம் போலவேதான் இருந்தது. ஆண் பிள்ளை. உள்ளங்கை அளவு தலை, அமுங்கின மூக்கு, விரல்கள் எல்லாம் சரியாகப் பிரிந்திருந்தன. விரல் பிரிவதற்கு இடையிலிருக்கும் செல்கள் சொன்ன நேரத்தில் சாக வேண்டும். அவை சரியாகக் கேட்டுச் செத்திருந்தன. துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். நான் முகத்தைப் பார்த்துவிட்டு மாமியாரிடம் கொடுத்தேன். கணவர் அதற்குள் அவரைப் புதுச்சேரிக்கு வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மாமியார் துணியை விலக்கிப் பார்த்தார். "எம் மவன் மொகம்" என்று மட்டும் சொன்னார்.

புறப்படும் முன் மரபணு டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். சில குடும்பங்களில் இது ஓடும். ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் சிறுநீரகம் இல்லாமல் இருக்கும், அவருக்கே தெரியாது, ஆயுசு முழுக்க நன்றாகவே இருப்பார். அவர் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம். அதனால் நீங்கள் இருவரும், உடன்பிறந்தவர்களும் ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றே எடுத்தோம். எனக்கு எல்லாம் இருந்தது. கணவருக்கு இடது பக்கம் வெறுமையாக இருந்தது. வளர்ந்தது முதல் நெல் மூட்டை தூக்கிய மனுஷன். சட்டையைப் போட்டுக்கொண்டே, "எனக்கு ஒண்ணு வந்துச்சு, அவனுக்கு அதுகூட வரல பாத்தியா" என்றார். வண்டியில் ஏறும்வரை அந்த வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து நாத்தனாரையும் ஸ்கேனுக்கு அழைத்துப் போகலாம் என்று பேச்சை எடுத்தேன். மாமியார் எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அத்தை, சும்மா ஒரு ஸ்கேன்தான். அவளுக்கும் ஒரு பக்கம் இல்லன்னாலும் ஒண்ணும் ஆவாது. புள்ள உண்டாவும்போது சீக்கிரமே பாத்துக்கலாம், அவ்வளவுதான்."

"கல்யாணம் ஆவப்போற பொண்ண ஸ்கேன் எடுத்தா ஊரு என்னன்னு பேசும்? அதுவும் காரைக்கால்ல? எவளாவது ஒருத்தி பாத்துட்டு வந்து சொல்லிட்டான்னா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏற்கெனவே ஒண்ணு பேசுறாங்கம்மா. பொண்ணுன்னு தெரிஞ்சதும் பாண்டிச்சேரிக்குப் போயிக் கலைச்சுட்டாங்கன்னு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து நின்றேன். "நீங்க போயிச் சொல்லுங்க அத்தை. நீங்கதான பாத்தீங்க. பையன்னு சொல்லுங்க. ஏன் போச்சுன்னு சொல்லுங்க."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பையன்னு சொன்னா ஏன் எடுத்தீங்கன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா வம்சத்துலயே கோளாறுன்னு ஆயிரும். அப்புறம் இவள எவன் கட்டுவான்? பொண்ணக் கலைச்சாங்கன்னா நாலு நாளு பேசிட்டு விட்டுருவாங்க. செய்யாத வீடு எது? கொறைன்னு பேரு வந்தா போவாதும்மா. அப்புடியே இருக்கட்டும். எனக்காக."

என் கணவர் முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. பொம்பளப் புள்ளன்னா என்ன என்று என் கண்ணைத் துடைத்த அதே அம்மாள்தான் இதைச் சொன்னார். அன்றும் மனதாரத்தான் சொன்னார், இன்றும் மனதாரத்தான் சொல்கிறார். என்னால் அவரை வெறுக்கக்கூட முடியவில்லை, அதுவே என்னைக் கொன்றது.

மீன்காரம்மா நெடுநாள் எங்கள் வாசலில் நிற்காமலே போனாள். ஒருநாள் மாமியார் கூப்பிட்டார். அவள் கூடையை இறக்காமல் நின்றாள். நான் மாமியாருக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்தேன்.

"உங்க வீட்டுக்கு நான் மீனு போட மாட்டேங்க" என்றாள். "எம் மவளுங்க ரெண்டு பேரையும் சுனாமில கடலு எடுத்துகிட்டுப் போச்சு. எத்தனை வருஷமாச்சு, இன்னும் சோறு எறங்கலங்க எனக்கு. நீங்க கையில வந்தத வேணாங்குறீங்க. படிச்ச பொண்ணு, காலேசுல பாடம் சொல்ற பொண்ணு."

நான் ஓரடி முன்னால் வந்தேன். மாமியார் திரும்பாமலே பின்னால் கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். மீன்காரம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுததை அவள் எப்படிப் படித்தாள் என்று அவள் போன வேகத்திலேயே தெரிந்தது. என் பிள்ளைக்காக அந்த ஊரில் கோபப்பட்டது அவள் ஒருத்திதான். அவளிடமாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம்.

நாத்தனாருக்கு இடம் அமைந்தது. நல்ல இடம், பையனுக்கு நிரந்தர வேலை. அவளுக்குப் பிடித்திருந்தது. போனில் பேசிவிட்டு வரும்போது முகமே வேறாக இருக்கும். உறுதி செய்வதற்கு மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று நான் அடுப்படியில் கேசரிக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தி தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார். தண்ணீரை வாங்கினார், குடிக்கவில்லை. விசாரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அடுப்படி வாசலில் நாத்தனார் பட்டுப்புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மாமியார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஊர்ல ஒண்ணு சொன்னாங்க, கேட்டுடுறது நல்லதுன்னு வந்தேன். உங்களுக்கு அஞ்சாம் மாசத்துல போனது ஏதாவது கொறையினாலயா? இல்ல, பொண்ணுன்னுதான் வேணாம்னீங்களா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். சொல்லிவிடுங்கள் என்று பார்த்தாளா, சொல்லிவிடாதீர்கள் என்று பார்த்தாளா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் வயிற்றுக்குள் இடது பக்கம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதும் எங்கள் யாருக்கும் தெரியாது.

"பொண்ணுன்னுதாங்க" என்றேன். "வேணாம்னுட்டோம்."

அந்த அம்மாளின் முகம் இளகிவிட்டது. கரண்டியைப் பிடித்திருந்த என் கையைத் தட்டிக் கொடுத்தார். "விடுங்க. எனக்கும் ரெண்டு தடவ நடந்ததுதான். யாரு வீட்ல இல்ல? கொறையோன்னுதான் பயந்துட்டோம்." பிறகு தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு, கூடத்துக்குப் போய், தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்.

நாத்தனார் உள்ளே வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மாமியார் பின்னாலேயே வந்து, மை கலையுது, நல்ல நேரம் போகுது என்று அவளை அழைத்துப் போனார். நான் கேசரியை இறக்கி வைத்தேன். எட்டு வருடம் கேட்டு வந்த பிள்ளை. அவனை வேண்டாம் என்று என் வாயாலேயே சொல்லியாகிவிட்டது, இனி யாரும் அதை மாற்றிக் கேட்கப்போவதில்லை. கூடத்திலிருந்து, "காலேஜ் டீச்சர் எங்க, அவங்களும் வந்து நிக்கட்டும்" என்று யாரோ கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு போய் நின்றேன்.